சலத்தை அடக்கி வைக்காதீர்கள்: பொது மலசலகூடம் பாவிக்கும் பெண்களுக்கு

யாழ்ப்பாண நகரின் கரையோரக் குடியிருப்பிலோ, கொழும்பில் கால்வாய்க்கரைத் தோட்டமொன்றிலோ, கிடைத்த துண்டு நிலத்தில் வீடு போட்டுக் குடியிருக்கும்போது மலசலகூடத்துக்கு இடம் மிஞ்சுவதில்லை. பல குடும்பங்கள் ஒன்றையே பாவிக்க வேண்டியுள்ளது. கதவுக்குக் கொண்டி இல்லை, போகும் பாதையில் வெளிச்சமும் இல்லை. இதனால் பல பெண்கள் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரோ தேநீரோ குடிக்காமல் இருந்து, விடியும்வரை சலத்தை அடக்கி வைக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்பவராக இருக்கலாம்.

பெண்களின் சலக்குழாய் மிகக் குட்டையானது, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். மலவாசலும் அருகிலேயே இருப்பதால் குடலில் உள்ள கிருமிகள் இலகுவாகச் சலப்பைக்குள் போய்விடும். தாராளமாகச் சலம் போகும்போது அவை கழுவுண்டு வெளியேறும். தண்ணீரைக் குறைத்து, சலத்தையும் அடக்கினால் உள்ளேயே பெருகும். சலக்கடுப்பு, அடிக்கடி சலம் போக வேண்டும் போன்ற உணர்வு, அடிவயிற்று நோ என்பன இதன் அறிகுறிகள். குளிருடன் காய்ச்சலும் விலாப்புற நோவும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கர்ப்பிணித் தாய்மார் சிறு கடுப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது, குறைமாதப் பிரசவத்துக்கு இது காரணமாகலாம். கிளினிக்கில் மற்றவர்கள் முன்னிலையில் சொல்லக் கூச்சமாக இருந்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இரவில் வெளியே போகப் பயமாக இருந்தால், மூடியுள்ள வாளியொன்றை வீட்டுக்குள் வைத்துப் பாவித்து, காலையில் மலசலகூடத்தில் ஊற்றிக் கழுவி வெயிலில் வையுங்கள். இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் சிறுவயதிலேயே பழக்குங்கள்.

தண்ணீர் கூடக் குடியுங்கள் என்னும்போது, எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாகக் குழிக் கழிவு கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீற்றர் (50 அடி) இடைவெளி வேண்டும். நெருக்கமான காணிகளில் அது நடக்காத காரியம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடியுங்கள்.

மாதவிடாய்த் துணியைப் பிறர் கண்ணில் படாமல் கட்டிலடியிலும் கூரை இடுக்கிலும் காயப் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஈரம் முழுமையாகக் காயாத துணி அரிப்பையும் புண்ணையும் தரும். சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். மேலே மெல்லிய துணியொன்றை விரித்தால் மறைப்பும் கிடைக்கும். பாட் பாவிப்பவர்கள் அதைக் குழிக்குள் போட வேண்டாம். குழாய் அடைத்து, கழிவகற்றும் பவுசர் வந்தும் உறிஞ்ச முடியாமல் திரும்பிப் போகும். பணமும் வீண், மலசலகூடமும் இல்லை.

நிவாரண வேலைகளில் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோல்களின்படி, பொது மலசலகூடம் 20 பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 50 மீற்றருக்குள் அமைய வேண்டும். பெண்களுக்குப் புறம்பாகவும், உள்ளிருந்து பூட்டக்கூடியதாகவும், வெளிச்சத்துடனும் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் இவற்றில் எது இல்லை என்று மாதர் சங்கத்தில் கூடிப் பேசி எழுதுங்கள். கடிதத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மாநகர சபையிடமும் கொடுத்து, பிரதியொன்றைக் கிராம அலுவலரிடம் ஒப்படையுங்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை பெண்கள், எத்தனை மலசலகூடங்கள் என்ற கணக்கு அதில் இருக்கட்டும். கொண்டியும் மின்குமிழும் பெரிய செலவல்ல. அவற்றுக்குக் காத்திராமல் நீங்களே சேர்ந்து பூட்டலாம்.

மலசலகூடத்துக்குப் போகும் வழியில் யாராவது தொந்தரவு செய்தால், அது உங்கள் குற்றமல்ல. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.