கறண்ட் போன பிறிட்ஜும் சூரை மீனும்

யாழ்ப்பாணத்தில் பிறிட்ஜைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது கடைசியில் மீனில்தான் போய் நிற்கும். "கறண்ட் போனால் உள்ளுக்க இருக்கிற மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?" 2022 மார்ச் கடைசியில் இந்தக் கேள்வி எழாத வீடு இருந்திருக்காது. டீசல் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீரும் குறைவு. மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு அறிவித்தார்கள். பிறகு 2025 பெப்ரவரி 9. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டுப்பட்டதால் வந்தது என்று அமைச்சர் சொன்ன அந்த நாடளாவிய மின்தடை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி கடந்த நேரம். ஞாயிறு பதினொரு மணிக்கு எங்கள் வீடுகளில் எது வெட்டிக் கழுவிப் பாதி அடுப்பிலும் பாதி ஐஸ்பெட்டியிலும் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

தேத்தண்ணியை எடுங்கோ, ஆறுதலாகச் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் கீழ்த்தட்டுகள் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். மேலே உறையவைக்கும் பகுதி நிறையச் சாமான் இருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம். உணவுப் பாதுகாப்புத் துறையினர் உலகெங்கும் சொல்லும் எண்கள் இவை. ஆனால் சித்திரை வெயிலில் எங்கள் குசினி 33, 34 பாகைக்குப் போய்விடுகிறது. வாசல் றப்பர் வெடித்துப்போன பழைய பிறிட்ஜ் என்றால் இன்னும் மோசம். ஆகவே நான் 4 மணியை 3 மணி என்றே எடுத்துக்கொள்வேன். அந்த மூன்று மணிக்குள் கறண்ட் வராவிட்டால் மீனையும் இறைச்சியையும் எடுத்துச் சமைத்துவிடுவது, அல்லது ஐஸ் வாங்கிப் போடுவது. "என்ன கிடக்குது எண்டு ஒருக்காப் பாப்பம்" என்று ஆளாளுக்குத் திறந்து பார்த்தால் மூன்று மணியும் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் பிறிட்ஜ் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். அது உள்ளே குளிரை ஊற்றுவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. துலாவால் கிணற்றை இறைப்பது போல: இறைப்பதை நிறுத்தினால் ஊற்று மெல்ல மெல்லக் கிணற்றை நிரப்பிவிடும், சூடும் அப்படித்தான் சுவரூடாகவும் றப்பர் இடுக்கினூடாகவும் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். குழாய்க்குள் ஓடும் காஸ் உள்ளே ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. கொம்பிறஸர் அதை அமுக்கிப் பின்பக்கக் குழாய்களுக்குத் தள்ள, அங்கே அந்தச் சூடு குசினிக் காற்றுக்குப் போகிறது. பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, மேலே பின்னல் விரிப்பைப் பின்பக்கம் தொங்கவிட்டாலோ கொட்ட இடமில்லாமல் கொம்பிறஸர் ஓய்வின்றி ஓடும். நாலு விரற்கடைக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கோ. அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் யன்னலுக்கு முன்னாலும் வேண்டாம்.

உள்ளே திருகும் வட்டத்தில் 1 முதல் 7 வரை இலக்கம் இருக்கும். அதை வெப்பநிலை என்று நினைத்து, 4 பாகை வேண்டுமென்பதற்காக 4இல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பாகை இல்லை, குளிரின் அளவுக்கு ஒரு படி மட்டுமே. பெரும்பாலானவற்றில் 7தான் கூடிய குளிர். உள்ளே உண்மையில் எவ்வளவு என்று அறிய ஒரு சின்ன வெப்பமானியைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கோ. 5 பாகைக்குக் கீழே நிற்கவேண்டும். ஐஸ்பெட்டி -18. வெளியில் வெக்கை கூடும் மாதங்களில் ஒரு படி கூட்டவேண்டிவரும், மாரியில் குறைக்கலாம்.

இந்த 5 பாகைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 5க்கும் 60க்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வாய்ப்பான சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதனால்தான் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம், வெளியே 32 பாகைக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான் என்கிறார்கள். எங்களுக்கு ஆண்டின் பாதி நாள் அந்த ஒரு மணிக் கணக்குத்தான். பிறிட்ஜ் கிருமியைக் கொல்லாது. பெருகுவதை மந்தமாக்கும், அவ்வளவே. லிஸ்ரீரியா என்ற ஒன்று அந்தக் குளிரிலும் வளரும்; கர்ப்பிணிகளுக்கு அது பொல்லாதது.

இனி மீனுக்கு வருவம். சூரை, கும்பளா, சாளை. இவற்றின் தசையில் ஹிஸ்ரிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் பிடிபட்ட நேரத்திலிருந்து ஐஸ் இல்லாமல் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்ரமின் ஆக மாற்றிவிடும். சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணிக்குள் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். வீட்டில் "உனக்கு இந்த மீன் கிரந்தி" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பல வேளைகளில் ஆளின் உடம்பில் பிழை இல்லை, மீன் வெயிலில் கிடந்ததுதான் பிழை. அதைவிடக் கெட்ட செய்தி: உண்டான ஹிஸ்ரமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நல்ல காரமாய்க் குழம்பு வைத்தால் சரி என்பது இங்கே எடுபடாது. மணமும் காட்டிக்கொடுக்காது. ஆகவே காலையில் சந்தையில் மீன் வாங்கிவிட்டு அப்படியே கந்தோருக்குப் போய், சைக்கிள் பையில் மத்தியானம் வரை தொங்கவிட்டு, பிறகு பிறிட்ஜில் வைப்பதால் பயனில்லை. அங்கேயே வெட்டுவித்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, ஒருவேளைக்கு அளவான சின்னப் பொதிகளாகக் கட்டி உறையவையுங்கோ. இரண்டு கிலோவை ஒரே கட்டியாக வைத்தால் நடுப்பகுதி உறைய நெடுநேரம் எடுக்கும். பிறகு அரைக்கிலோ வேண்டுமென்று முழுக்கட்டியையும் இளக்கி, மிச்சத்தைத் திருப்பி உள்ளே தள்ளுவது நடக்கும். அதுதான் வேண்டாம் என்கிறேன். இளக்குவதும் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து இளக்குவதே நல்லது. குசினிக் கட்டில் காலை முதல் மத்தியானம் வரை கிடக்கும் மீனின் வெளித்தோல், உள்ளே ஐஸ் இருக்கும்போதே, வெக்கைக்குப் போய்விடும்.

பச்சை மீனும் இறைச்சியும் எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய ஏதனத்தில். மேலே வைத்தால் வடியும் தண்ணீர் சம்பலில் விழும்.

சோற்றைப் பற்றி ஒரு சொல். வெந்த சோற்றிலும் புட்டிலும் சாகாமல் கிடக்கும் ஒரு கிருமி வித்து, அது வெளியே ஆறிக்கிடக்கும் மணித்தியாலங்களில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் அழியாது. பழஞ்சோறு வேறு கணக்கு, தண்ணீர் விட்டுப் புளிக்கவைப்பது. அதை இதோடு குழப்பவேண்டாம். மிஞ்சிய சோற்றையும் கறியையும் அகன்ற தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வையுங்கோ. பெரிய சட்டியோடு கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலையும் சேர்த்துச் சூடாக்கும். தேங்காய்ப்பால் விட்ட சொதியை அடுத்த நாளைக்கு எடுத்துவைக்க நினைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் இது முக்கியம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு திறப்புக்கும் வெக்கை படும். ஐஸ்பெட்டிக்குக் கீழே ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை இளக்கிப் போடக்கூடாது, எறிந்துவிட வேண்டியதுதான். பாவனையில் இருப்பதை, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்குக் கீழே நாலு கிழமை வரை வெளியே வைத்திருக்கலாம்; உங்கள் வகைக்கு என்ன என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். நீண்ட மின்வெட்டில் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் இன்னொரு சின்னச் சட்டியை இறக்கி, அதற்குள் மருந்தை நனையாமல் வைத்தால் அறைச் சூட்டைவிடச் சில பாகை குறையும்.

"கூரையில சோலர் போட்டிருக்கிறம், எங்களுக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மின்சார சபையின் லைனோடு இணைத்த சோலர், லைனில் கறண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் ஏறி வேலைசெய்யும் ஊழியருக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இல்லாவிட்டால் கொளுத்தும் வெயிலிலும் பிறிட்ஜ் ஓடாது.

கறண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் கொம்பிறஸருக்கு ஆபத்து. ஊர் முழுக்க ஒரேநேரத்தில் எல்லாம் உயிர்க்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். நின்ற கொம்பிறஸருக்குள் அமுக்கம் சமப்பட நாலைந்து நிமிடம் வேண்டும். அதற்கு முன் தள்ளினால் "ம்ம்ம்" என்று முனகி, டிக் என்று வெட்டி, திரும்ப முனகும். கறண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது செலவில்லாத மருந்து. மறதிக்காரருக்கு நேரம் தாமதித்துப் போடும் வோல்டேஜ் கார்ட் கடையில் இருக்கிறது.

பழைய வீடுகளில் உருண்டை முள் சொக்கற், புதிய பிறிட்ஜுக்கோ சதுர முள் பிளக். இடையில் ஒரு அடப்டரைச் செருகி, அதிலேயே கேத்திலையும் கொழுவினால் பிளாஸ்ரிக் உருகிய மணம் ஒருநாள் வரும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 72 பேரைக் கொன்ற தீ, நாலாம் மாடியில் ஒரு வீட்டின் பிறிட்ஜில்தான் தொடங்கியது. அது அவ்வளவு பெரிதாய்ப் பரவியதற்குக் கட்டிடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் காரணம். எங்கள் சுண்ணாம்புக்கல் சுவரில் அப்படிப் பரவாதுதான், ஆனால் தொடங்குவது எங்கும் ஒன்றுதான். பிறிட்ஜுக்கு நேரே சுவரில் தனிச் சொக்கற், அடப்டரும் இல்லை, மல்ரிபிளக்கும் இல்லை.

ஈரக்காலோடு வந்து கைப்பிடியைத் தொடும்போது சுள்ளென்று அடித்தால் அதைப் பழகிப்போகாதீர்கள். எர்த் சரியில்லை என்று பொருள். மேல் மண் மெல்லியதாகவும் அடியில் கல்லாகவும் இருக்கும் எங்கள் நிலத்தில் கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பி பிடிப்பு இழக்கும். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ. ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்தி, அது விழுகிறதா என்று பாருங்கோ. கரையோர வீடுகளில் சோளகக் காற்றோடு வரும் உப்பு பின்பக்கக் குழாயையும் அரிக்கும். காய்ந்த தூரிகையால் அவ்வப்போது தட்டிவிடலாம்.

ஐஸ்பெட்டியில் கட்டிப்பிடித்த ஐஸைக் கத்தியால் குத்தவே வேண்டாம். சுவருக்குள்தான் குழாய் ஓடுகிறது. ஓசோனைக் கெடுத்த பழைய காஸ் 1987 மொன்றியல் உடன்பாட்டோடு படிப்படியாகக் கழிந்து, இன்று புதிய பெட்டிகள் பெரும்பாலும் ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. அளவு சில பத்துக் கிராம்தான், ஆனால் பற்றக்கூடியது. ஓட்டை விழுந்தால் யன்னலைத் திறந்து, அடுப்பு, சுவிச்சு எதையும் தொடாமல் வெளியே வரவேண்டும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் மச்சம் நிறுத்தி வீட்டைக் கழுவும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல நாள்: பிளக்கைக் கழற்றி, ஐஸ் தானாக உருகட்டும் என்று விட்டு, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் துடையுங்கோ. வாசல் றப்பர் மடிப்பில் கறுப்புப் பூஞ்சை இருக்கும், அதையும்.

அப்படியே பின்பக்கம் கீழே பாருங்கோ. உருகும் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று அங்கே உண்டு. மாரியில் டெங்கு கூடும் மாதங்களில் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கிணற்றடிச் சிரட்டையோடு இந்தத் தட்டையும் தேடுவார். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். கிழமைக்கு ஒருக்கா ஊற்றி உரஞ்சிக் கழுவினால் தீர்ந்தது.

கலியாணத்துக்கென்று கொழும்புக்குப் போய் நாலு நாள் கழித்து வருகிறீர்களா? ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு குத்திக்காசு வைத்துவிட்டுப் போங்கோ. வந்து பார்க்கும்போது காசு அடியில் இருந்தால் நீங்கள் இல்லாத நேரம் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன், இறைச்சி, ஐஸ்கிறீம் எதையும் வைத்துப் பார்க்காதீர்கள்.

1990 ஜூனில் போர் மூண்டபின் ஆண்டுக்கணக்காகக் குடாநாட்டில் கறண்ட் இல்லை. ஜாம்போத்தல் விளக்கில் படித்த அந்தக் காலத்தில் பிறிட்ஜ்கள் எலி புகாத அலுமாரியாய் அரிசியும் புத்தகமும் காத்தன. அவற்றில் சில இன்னும் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வெளியே கொழுக்கியுள்ள பழைய கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்கமுடியாது. ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே போனால் மூச்சு முட்டிவிடும். அமெரிக்காவில் பிள்ளைகள் இப்படி இறந்ததால்தான் 1956இல் உள்ளிருந்தும் திறக்கக்கூடிய கதவு வேண்டுமென்று சட்டம் வந்தது, காந்தப் பட்டிக் கதவுகள் அதன்பின் பரவின. காந்தக் கதவு என்றாலும் முன்னால் சாமான் சாய்த்திருந்தால் சின்னப் பிள்ளையால் தள்ளமுடியாது. ஆகவே ஓடாத பிறிட்ஜை வெளியே தூக்கும் நாளிலேயே கதவைக் கழற்றிவிடுங்கோ. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் செப்புக்காகப் பின்குழாயை முற்றத்தில் வெட்டப் பார்ப்பார். காஸ் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் வந்து போகும்வரை அதை விடவேண்டாம்.