ஒலிபெருக்கியும் ழகரமும்: முதல்வரிசைப் பிரிப்புச் சுற்று ஒரு விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஒலிப்பதிவைக் கொண்டு சொல்வதெழுதுதல் பயிற்சி நடத்தினோம். மேடைமேல் உயரத்தில் வைத்த பெட்டியிலிருந்து 'தழை' என்னும் சொல் ஒலித்தது. தரையில் அமர்ந்திருந்த மாணவர் பலர் 'தளை' என்று எழுதினர். அவர்தம் வீட்டு வழக்கையே நாம் உடனே குறை கூறினோம். பின்னர்ப் பெட்டியை அவர்களை நோக்கிச் சாய்த்து மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, சிலர் தாமே திருத்திக்கொண்டனர். நம் குற்றச்சாட்டு அவசரமானது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டைச் செவி உணர்வதற்கு, வாயறையில் எழும் மூன்றாம் ஒத்ததிர்வு பெரிதும் துணைசெய்கிறது. லகரத்தில் அது உயர்ந்து நிற்கும். ழகரத்தில் 2000 ஹெர்ட்சை ஒட்டித் தாழும். இருவழி ஒலிபெருக்கிகள் பல, ஒலியை இரண்டாகப் பிரிக்கும் இடமும் 2000 முதல் 3000 ஹெர்ட்சு வரையிலான இதே பகுதியாகும்.

கோயில் திருவிழாக்களில் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் ஒரே இயக்கிதான் உண்டு. அதற்குப் பிரிப்பு வேண்டுவதில்லை. இருவழிப் பெட்டியிலோ தாழ்ந்த ஒலிகளை ஊஃபரும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டரும் தருகின்றன. அவற்றைப் பிரித்தனுப்பும் மின்சுற்றே கிராஸ்ஓவர். அதன் மிக எளிய வடிவம் முதல்வரிசைச் சுற்று. ட்வீட்டருடன் தொடராக ஒரு கப்பாசிட்டர், ஊஃபருடன் தொடராக ஒரு கம்பிச்சுருள், அவ்வளவே. 8 ஓம் இயக்கிகளை 2500 ஹெர்ட்சில் பிரிக்க, கணக்கின்படி ஏறத்தாழ 8 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் 0.5 மில்லிஹென்றி சுருளும் போதும். இயக்கியின் மின்தடை அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், நடைமுறையில் இம்மதிப்புகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

பிரிப்பிடத்திற்கு அப்பால், அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஊஃபரின் ஒலி 6 டெசிபல் குறையும். பாதியாகும் ஒவ்வொரு முறையும் ட்வீட்டரின் ஒலி அவ்வாறே குறையும். இச்சரிவு மென்மையானது. ஆகவே நெடிய எல்லையில் இரண்டும் ஒருசேர ஒலிக்கும். இரண்டின் அலைகளும் 90 பாகை கட்ட வேறுபாட்டில் நிற்கும். கேட்பவர் இரண்டிற்கும் சமதொலைவில் இருப்பின், அவை பிசகின்றி ஒன்றுசேர்ந்து மூல ஒலியை மீட்டுத் தரும். இதுவே இச்சுற்றின் சிறப்பு.

குறையும் அங்கேயே தோன்றுகிறது. 2500 ஹெர்ட்சில் அலைநீளம் ஏறத்தாழ 14 செ.மீ. அதில் கால்பங்கான 3.5 செ.மீ. தொலைவு வேறுபட்டால், மேலும் 90 பாகை கூடி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். மறுதிசையில் 3 டெசிபல் மிகும். இயக்கிகள் 20 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால், நேர்கோட்டிலிருந்து 10 பாகை விலகியோர்க்கே இது நேரும். அழிவு மேலா கீழா என்பதை, ட்வீட்டர் மேலே உள்ளதா என்பதும் அதன் முனைகள் இணைக்கப்பட்ட முறையும் முடிவுசெய்யும். நான்கு மீட்டர் தொலைவில் 10 பாகை என்பது ஏறத்தாழ 70 செ.மீ.; நிற்கும் ஆசிரியருக்கும் தரையில் அமர்ந்த மாணவருக்கும் இடையேயுள்ள உயரவேறுபாடு அவ்வளவுதான்.

மாணவர் பிழைகள் அனைத்திற்கும் ஒலிபெருக்கியே காரணம் என்று சொல்லோம். பேச்சுவழக்கின் செல்வாக்கும் உண்டு. எனினும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியை மாணவர் செவிமட்டத்திற்கு நேராக வைத்து, அவர்கள் அமரும் இடத்திலேயே நீங்களும் அமர்ந்து ஒருமுறை கேளுங்கள். மதிப்பெண்ணைக் குறைப்பது அதன் பின்னர் ஆகட்டும்.