செப்புத்தகட்டில் யாருடைய கல்லறை?

பழைய செப்புத்தகட்டு அச்சுப்படங்களை 'ஆதாரம்' என்று எடுத்துக்கொள்வது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. திப்பு பற்றியோ பாளையக்காரர் எழுச்சி பற்றியோ ஒரு நூல் வந்தால் அட்டையில் வெள்ளைக்காரன் வரைந்த படம். அப்போ இருந்ததை அப்படியே வரைந்திருக்கிறான், அவ்வளவுதானே என்கிறோம். அவ்வளவுதானா? என் பார்வையில் இவையும் பிரதிகளே. யாரோ காசு கொடுக்க, யாரோ ஓரிடத்தில் நின்று, சிலவற்றை விட்டுவிட்டு எழுதிய பிரதிகள். அரச கல்லறைகளின் படங்களில் இது பச்சையாகத் தெரிகிறது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புனித எட்வர்டின் சிற்றாலயம் இருக்கிறது. அதைச் சுற்றி மூன்றாம் ஹென்றி, எலினார் அரசி, மூன்றாம் எட்வர்ட் ஆகியோரின் சமாதிகள். 1770களில் ஜேம்ஸ் பசயர் என்ற செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழகிய ஒரு பையன் இவற்றை வரைய அனுப்பப்பட்டான். அந்தப் படங்கள் ரிச்சர்ட் காஃபின் கல்லறை நூலில் 1786இல் அச்சாயின. தகட்டின் கீழே பசயர் பெயர். வரைந்த பையன் வில்லியம் பிளேக்.

இந்த வேலை லேசுப்பட்டதல்ல. செம்பில் கோடு கோடாகக் கீறி, கீறலுக்குள் மையை இறக்கி, மேலே துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தி எடுக்க வேண்டும். தகட்டில் வலது, தாளில் இடதாக விழும். உழைப்பு பட்டறையுடையது, கையெழுத்து முதலாளியுடையது. பிளேக் பின்னாளில் கவியானதால் அவர் பெயர் மீண்டது. மற்ற பையன்கள்?

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1782இல் இறந்த ஹைதர் அலியின் சமாதி ஸ்ரீரங்கப்பட்டணம் லால்பாக் தோட்டத்தில் இருக்கிறது. அதை வரைந்து 1790களில் லண்டனில் அச்சுப்படமாக வெளியிட்ட கோல்புரூக், கம்பெனிப் படையோடு வந்த சர்வேயர். பிளேக் தன் நாட்டு அரசர்களின் சமாதியை வரைந்தான். இவரோ முற்றுகையிட்ட எதிரியின் சமாதியை வரைந்தார். 1792 முற்றுகைக்கு அந்தத் தோட்டத்து சைப்ரஸ் மரங்களை வெட்டிச் சாய்த்ததும் இதே படைதான். அழகாகப் பதிவு செய்த கையும் அழித்த கையும் ஒரே முகாமைச் சேர்ந்தவை.

கணக்கு இத்தோடு முடியவில்லை. ஹைதரைக் கர்நாடகத்திலிருந்து விரட்டியதற்காகத் தளபதி அயர் கூட்டுக்குக் கம்பெனி அதே அபேயில் நினைவுச் சின்னம் வைத்தது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கி 1789இல் முடித்தார். அதில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான் ஒரு கைதி. கூட்டுக்குப் பெயர், பட்டம், வெற்றிகள் எல்லாம் உண்டு. கைதிக்கு ஒன்றும் கிடையாது.

1792 ஒப்பந்தப்படி பாராமகாலோடு சேலம், நாமக்கல் சீமைகளும் கம்பெனிக்குப் போயின. அதுவரை இவை மைசூர் வசம். அந்தக் கைதி நம்ம ஊர்க்காரனாக ஏன் இருக்கக்கூடாது?

நாமக்கல் மலைக்கோட்டையைப் பற்றிக் கேட்டால் 'திப்பு கோட்டைங்க' என்பார் ஒருவர். 'சேந்தமங்கலம் ராமச்சந்திர நாயக்கர் கட்டினது' என்பார் இன்னொருவர். நம் நினைவும் அபேயின் இலக்கணத்திலேயே பேசுகிறது: பெயர் என்றால் அது ராஜாவுக்குத்தான். பழைய படத்தை அடுத்த நூலின் அட்டையில் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளாவது கேட்போம். காசு யாருடையது? வரைந்தவன் எந்தப் பக்கம் நின்றான்? யாரைப் பெயரில்லாமல் உட்கார வைத்தான்?