ஜலகண்டாபுரத்தில் குரோசவா படம் ஓடுமா? ஜப்பான் கிளாசிக்குகளை வரிசைப்படுத்துவது எப்படி?

மூன்றரை மணி நேரம், கறுப்பு வெள்ளை, ஜப்பானிய மொழி. இப்படி ஒரு படத்தைச் சென்னையில் போட்டால் சினிமா ஆர்வலர்கள் வருவார்கள். தறிச் சத்தம் கேட்கும் ஜலகண்டாபுரத்தில் போட்டால்? 'யாருப்பா பார்ப்பாங்க?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஆனால், ஜப்பான் சினிமா நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார் எஸ்.பாலசந்தர். அந்தத் தாக்கத்தில் அவர் இயக்கியதுதான், 1954-ல் ஏவிஎம் தயாரிப்பில் சிவாஜி நடித்து வெளிவந்த 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு கொலை, சந்தேகத்துக்கு உள்ளான ஒவ்வொருவரும் வேறு யாரையோ கைகாட்டுவார்கள். ஒரே ஒரு திரையிடல் ஒரு தமிழ்ப் படத்துக்கே விதை போட்டிருக்கிறது.

எதில் தொடங்கலாம்?

பெரிய பெயரில் தொடங்குவதுதான் வழக்கமான தப்பு. 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம். முதல் நாளே போட்டால் மறுநாள் ஆள் வருவது கஷ்டம். 'ரஷோமோன்' வெறும் 88 நிமிடம். அதற்கு முன் 'அந்த நாள்' போட்டால், தெரிந்த சிவாஜி வழியாகவே குரோசவாவிடம் போய்விடலாம்.

இரண்டாவது, ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). நகரத்துப் பிள்ளைகளைப் பார்க்க வயதான அப்பா, அம்மா வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு நிச்சயம் உறுத்தும்.

மூன்றாவது, குரோசவாவின் 'இகிரு' (1952). புற்றுநோய் என்று தெரிந்த ஓர் அரசு அலுவலர், குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்க ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். மனுவோடு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கடைசியில் 'செவன் சாமுராய்'. விளைச்சலைக் கொள்ளையர்களிடமிருந்து காக்க, சோறு போட்டு வீரர்களை அமர்த்தும் விவசாயிகளின் கதை. இடைவேளையும் படத்திலேயே உண்டு!

அனுமதி வேண்டுமா?

கண்டிப்பாக. ஓடிடி சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தான். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி தனி. தணிக்கைச் சான்றிதழோ, விழா என்றால் மத்திய அரசின் விலக்கோ தேவை. வணிக நோக்கமில்லாத திரையிடல்களுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் படங்களை இரவல் தருகிறது. முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மொழி புரியுமா?

ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பினால் பாதிக் கூட்டம் வெளியே நிற்கும். தமிழ் சப்டைட்டில் இருந்தால் நல்லது. மௌனப் பட காலத்தில் ஜப்பானில் 'பென்ஷி' எனும் கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று படத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினாலே போதும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த மாவட்டம் இது. ரசனைக்குப் பஞ்சமில்லை. திரைதான் வேண்டும்.