அகன்ற கடலும் கையளவு நிலமும்

வைகறைப் பொழுதில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாணவர் சிலருடன் நடந்து சென்றேன். கரையோரக் கருங்கற்களுக்கு அப்பால் ஆலாப் பறவைகள் நீரை நோக்கிப் பாய்வதும் மேலெழுவதுமாக இருந்தன. "ஹஜ்ரத், இந்தப் பறவைகளுக்கு வீடு எங்கே?" என்று ஒரு சிறுவன் வினவினான். வினா எளியது, விடை எளியதன்று.

கடற்பறவைக்கு உணவளிப்பது கடல். ஆயினும் அலைமீது முட்டையிட இயலாது. அதற்கு நிலம் வேண்டும். அந்நிலமும் நாய், எலி, மனிதன் ஆகியோர் எளிதில் அணுக இயலாததாக இருத்தல் வேண்டும்.

வடபுலத்துப் பாறைகள்

வட அட்லாண்டிக் கரைகளில் வாழும் கில்லிமாட் என்னும் பறவை இதற்குச் சிறந்த சான்று. அதன் பெயரே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததுதான். கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளின் ஒடுங்கிய விளிம்புகளில் ஆயிரக்கணக்கில் அவை தோளோடு தோள் நெருங்கி நிற்கும். கூடு கட்டுவதில்லை, வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. நிறத்திலும் கோலத்திலும் முட்டைக்கு முட்டை வேறுபாடு இருப்பதால், அத்தனை நெரிசலிலும் பெற்றோர் தம் முட்டையை அடையாளம் காண்கின்றன.

குஞ்சுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆனதும், சிறகு முதிருமுன்னரே, அது கடலை நோக்கிக் குதிக்கின்றது. அதன்பின் பல வாரங்கள் கடலில் உடனிருந்து உணவூட்டி வளர்ப்பது தந்தைப் பறவையே!

நம் நாட்டுப் பறவைத் தீவு

கில்லிமாட் நம் கடல்களில் இல்லை. ஆனால் அதைப் போன்றே சிறு நிலத்தை நம்பி வாழும் பறவைகள் இங்கும் உண்டு. இலட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் பிட்டி என்றொரு திட்டு உள்ளது. பக்ஷிப்பிட்டி என்றும் அதனை அழைப்பர். பரப்பு ஏறத்தாழ 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர்தான்! மரமில்லை, மனிதக் குடியிருப்பில்லை. பவளப்பாறையும் மணலுமே உள்ள அவ்விடத்தில், கரிய முதுகுடைய ஆலாக்களும் பெரிய கொண்டை ஆலாக்களும் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. கரிய ஆலாவின் இளம்பறவை கடலுக்குச் சென்றால், நிலம் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும்.

பித்ரா தரும் படிப்பினை

அதே இலட்சத்தீவிலுள்ள பித்ராவும் ஒருகாலத்தில் பறவைகளின் தாயகமாகவே இருந்தது. 1835 வரையிலேனும் எண்ணற்ற கடற்பறவைகள் அங்கே இனம்பெருக்கின. பிற தீவினர் முட்டை சேகரிக்கவும் வேட்டையாடவும் வந்துபோயினர். 1945 அளவில் மக்கள் நிலையாகக் குடியேறினர். இன்று பித்ரா மனிதரின் ஊர்.

குடியேறியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மனிதனுக்கும் நிலம் வேண்டுமல்லவா? ஆயினும் பறவையை இழப்பது மீனவருக்கும் இழப்பே. கடற்பரப்பில் பறவைகள் கூட்டமாக வட்டமிடும் இடத்தைக் கண்டே தூண்டிலில் சூரை பிடிக்கும் தீவு மீனவர், மீன்கூட்டம் இருக்குமிடத்தை அறிகின்றனர். கூலி கேளாத வழிகாட்டிகள் அவை!

இதனை உணர்ந்தே பிட்டி 1995-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதனைச் சூழ்ந்த 62 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியும் பாதுகாப்பு வளையத்துள் வந்தது. இலட்சத்தீவின் மக்களவை உறுப்பினராகப் பல்லாண்டு விளங்கிய பி.எம். சயீதின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

எனினும் சட்டத்தால் அலையைத் தடுக்க இயலுமா? பங்காரம் தீவையடுத்த பரளி 1 என்னும் ஆளற்ற தீவு, அரிப்பினால் முற்றிலும் கரைந்துவிட்டதை 2017-இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில், பிட்டி போன்ற தாழ்ந்த திட்டுகளுக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

அச்சிறுவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, கடல் முழுதும் அவற்றின் உணவுக்களம், வீடோ கையளவு நிலம். அவை முட்டையிடும் காலத்தில் அங்கே செல்லாதிருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பேருதவி."

சிறிது நேரம் கடலையே நோக்கிக்கொண்டிருந்த சிறுவன், கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான்.