காட்டுப்பன்றியைச் சுட ஸ்கோப் வச்ச ஏர்கன் வாங்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிச்சா போதும், காட்டுப்பன்றி இறங்கிடும். ஒரே ராத்திரியில் வயல் நாசம். 'குறைஞ்ச விலையில ஸ்கோப் வச்ச ஏர்கன் ஒண்ணு வாங்கிட்டா என்ன?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

வாங்கலாம். குழல் 0.177 அங்குலத்துக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அந்தச் சின்ன ஈயக் குண்டு பன்றிக்குக் காயம்தான் தரும். காயம்பட்ட பன்றி ஆளைக் குத்த வரும். அதைவிடச் சக்தியான துப்பாக்கி என்றால் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கணும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். லைசென்ஸ் துப்பாக்கிக்கு மட்டுமே, வேட்டைக்கு அல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிப் பன்றியைச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குண்டு தவறி மயில் மேல் பட்டால் சிக்கல் இன்னும் பெரிசு: மயில் வேட்டைக்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது என்ன? காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடிக்க மட்டும். அதைத் தாண்டினால் சுடலாம். சுடப்போவது வனத்துறை, விவசாயி இல்லை.

எனவே உங்க வயல் காட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்று முதலில் பாருங்க. சேதத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்க.