கையில் அடங்கினால் பழகிவிட்டதா?

மம்பாவ் தோட்டப்புறங்களில் பிள்ளைகள் நூல் கட்டி வளர்க்கும் பச்சை ஓணானைப் பச்சோந்தி என்கிறோம். உண்மையான பச்சோந்தி மலேசியக் காடுகளில் இல்லை; தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம்.

இரண்டுமே தனித்து வாழ்பவை. பிடித்தால் பச்சோந்தி உடல் உப்பிச் சீறும். ஓணானின் பச்சை கரும்பழுப்பாகும். இவை அச்சத்தின் அடையாளம். பிறகு கையில் அசையாமல் கிடந்தால், பழகிவிட்டதென்று மகிழ்கிறோம். பாவம், அது பயத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. இரை தின்னாமல் மெலிந்து இறந்தும் போகலாம்.

நம்மைக் கண்டும் நிறம் மாறாமல் பூச்சி பிடித்தால், அதுவே பழக்கம். ஆகவே நூலை அவிழ்த்துச் செடியில் விடுவோம்; எட்ட நின்று பார்த்து மகிழ்வோம்.